மூன்று நாள் காய்ச்சல்

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு இருபது வருஷம் ஆகியிருக்கும். ‘பூதக்கண்ணாடி’ என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். கைப்பிடி உடைந்து, அந்த இடத்தில் நூல் சுற்றியிருக்கும். பூச்சி அரித்த பக்கமோ மை பரவிப்போன வரியோ வந்தால், “அதை அவர்கிட்டக் கொடுங்கப்பா, எங்களால ஆகாது” என்று மற்ற எழுத்தர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். வெளிநாட்டில் குடியுரிமை கேட்பவன், சொத்தில் பங்கு கேட்பவன், சும்மா ஆசைக்குத் தன் வம்சத்தைத் தேடுகிறவன் என்று வாரத்துக்கு நாலு பேர் வருவார்கள். எல்லோருக்கும் அப்பன், பாட்டன், அவனுக்கும் அப்பன் என்று தோண்டி எடுத்துக் கொடுத்துவிடுவார். தன் குடும்பத்தை மட்டும் அவர் தேடியதே இல்லை. “நம்ம கதைதான் நமக்குத் தெரியுமே” என்பார். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

வீட்டில் அவரோடு இருந்தது இரண்டு பேர். இருபத்தேழு வயது மகள் ஒருத்தி. அவருடைய அப்பாவின் கடைசித் தங்கை, அதாவது அத்தை, இன்னொருத்தி. மனைவி போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிவிட்டது. அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. கல்யாணமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். சின்ன வயதில் சீழ் வைத்து இரண்டு காதும் போய்விட்டன. காது கேட்காதவளோடு பேச வேண்டுமென்றால் கத்தித்தானே ஆக வேண்டும்? அந்த வீட்டில் கத்தக் கூடாது.

அது அந்த வீட்டுச் சட்டம். யார் போட்டது, எப்போது போட்டது என்று அவருக்கும் மகளுக்கும் தெரியாது. வாசலில் அழைப்பு மணி இல்லை. அலாரம் இல்லை. தூங்குகிறவரைக் குரல் கொடுத்து எழுப்பக் கூடாது. காலின் பெருவிரலை மெல்லப் பிடித்துக்கொண்டு, அவராகக் கண் திறக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் இதற்காகவே அரை மணி நேரம் முன்னால் எழுந்து, அவள் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பார். அத்தையோடு பேசுவதற்கு, கிழித்த காலண்டர் தாள்களை அடுக்கி வைத்திருப்பார்கள். பின்பக்கம் எழுதிக் காட்டினால் படித்துவிட்டு, தெருமுனைக்குக் கேட்கும்படி பதில் சொல்வாள். சட்டத்தை மீறுகிற ஒரே ஆள் அவள்தான், அதுவும் எல்லோரும் விழித்திருக்கும்போது மட்டும்.

மகள் ஒரு துணி ஆலையில் வடிவங்கள் வரைகிற வேலை பார்த்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை அங்கே தீயணைப்பு ஒத்திகை. முன்கூட்டிச் சொல்லித் தொலைக்காமல் அபாயச் சங்கை அலற விட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் எல்லாம் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்க, இவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள், அப்படியே சரிந்தாள். ஒரு நிமிஷம் நினைவே இல்லை. பிறகு கண்ணைத் திறந்து, “என்ன, எல்லாரும் என்னையே பாக்குறீங்க?” என்று கேட்டாளாம்.

இதயப் பிரிவில் இருந்த பெண் டாக்டர், நீளமான வரைபடத் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“கோடு கொஞ்சம் சந்தேகமா இருக்கு. இல்லைன்னும் சொல்லலாம், இருக்குன்னும் சொல்லலாம். உங்க குடும்பத்துல நாற்பது வயசுக்குள்ள யாராவது திடீர்னு போயிருக்காங்களா? நல்லா இருந்தவங்க, சட்டுனு?”

“அப்படி யாரும் இல்லைங்க” என்றார் பூதக்கண்ணாடி. “என் தம்பி பத்தொன்பது வயசுல போனான். ஆனா அது காய்ச்சல். மூணு நாள் படுத்திருந்தான். நான்தான் கூடவே இருந்தேன்.”

அவர் பொய் சொல்லவில்லை. அந்த மூன்று நாளும் அவருக்கு மனப்பாடம். தம்பியின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டது, வெப்பமானியை உதறி உதறிப் பார்த்தது, இரண்டாம் நாள் அவன் கண்ணைத் திறக்காமலே “அண்ணா, அந்த ஃபேனை நிறுத்துண்ணா, குளிருது” என்றது. முப்பத்தாறு வருஷமாக அந்தக் குரல் அவர் காதில் இருந்தது.

டாக்டர் விடவில்லை. “நீங்க அந்த ஆபீஸ்லதானே இருக்கீங்க? அப்பா வழி, அம்மா வழி ரெண்டும் பார்த்து, யார் யார் எந்த வயசுல எதனால போனாங்கன்னு ஒரு வம்ச மரம் மாதிரி எழுதிட்டு வாங்க. ஒரு வாரம் தரேன். அப்படி யாருமே இல்லைன்னா சாதாரண மயக்கம்னு அனுப்பிடுவேன். இருந்தா விட மாட்டேன். அடுத்த தடவை இவங்க கண் திறக்காமப் போயிடலாம்.”

மகள் சிரித்துக்கொண்டே, “அப்பாவுக்கு இது கரும்பு தின்னக் கூலி டாக்டர்” என்றாள். அவர் அந்த வரைபடத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பதிவறைக்குள் நுழைந்தார். ஜன்னல் இல்லாத அறை. பன்னிரண்டு இரும்பு பீரோ, ஒரு ஸ்டூல், பழைய காகித வாடை. அம்மா வழியை ஒரே நாளில் முடித்துவிட்டார். பிரசவம், முதுமை, மாடிப்படியில் விழுந்தது என்று எல்லாம் நேர்மையான சாவுகள். “பார்த்தியா, ஒண்ணும் இல்லை” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அப்பா வழிக்கு வந்தார்.

இறப்புப் பதிவேட்டில் ஒரு ஆளுக்கு ஒரு வரிதான். பதிந்த தேதி, நேரம், பெயர், வயது, முகவரி, காரணம். அதற்கடுத்த கட்டத்தில், எத்தனை நாள் நோயில் கிடந்தார் என்ற கணக்கு. அப்பாவின் அண்ணன், வயது இருபத்தாறு: காய்ச்சல், மூன்று நாள். மரத்தில் ஒரு கிளை வரைந்து குறித்துக்கொண்டார். எட்டு வருஷம் பின்னால் போனார். அத்தைக்கு மூத்த அக்கா, வயது பதினேழு: காய்ச்சல், மூன்று நாள். பேனாவை மூடி வைத்தார்.

உங்களுக்கும் எனக்கும் அது வெறும் காய்ச்சல். அந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவனுக்கு அப்படி இல்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தாய் வந்தாள். காலையில் சாப்பிட்டுவிட்டுப் படுத்த மகன் எழுந்திருக்கவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதினால் போலீஸ் வரும், விசாரணை வரும், பிள்ளையை அறுத்துப் பார்த்து மூன்றாம் நாள் மூட்டையாகக் கொடுப்பார்கள். அப்போதிருந்த தலைமை எழுத்தர், எந்நேரமும் வாயில் பெப்பர்மின்ட் அடக்கிக்கொண்டிருக்கும் மனிதர், யாரிடமும் கை நீட்டாதவர், இவர் காதருகே குனிந்தார்.

“காய்ச்சல்னு போடு. மூணு நாள்னு போடு.”

“அதென்னங்க மூணு?”

“ஒரு நாள்னா மேல இருக்கிறவன் சந்தேகப்படுவான். பத்து நாள்னா எந்த டாக்டர் பார்த்தாருன்னு கேப்பான். மூணுன்னா ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான். எனக்கு முன்னால இருந்தவர் சொல்லிக் கொடுத்தது, அவருக்கு அவருக்கு முன்னால இருந்தவர். பேனா பிடிக்கிறவனுக்கு மனசு வேணும்டா.”

அந்தத் தாய் மேஜை மேல் தலை வைத்து அழுதாள். இவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்கு அந்தத் தயவைச் செய்திருக்கிறார். எல்லாம் மூன்று நாள் காய்ச்சல்.

இப்போது தன் சொந்தப் பெரியப்பா வரியில் அதே தயவு அவரைப் பார்த்துப் பல்லை இளித்தது. அந்தக் காலத்தில் காய்ச்சல் வீட்டுக்கு வீடு வந்ததுதானே என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார். அதையும் சோதித்துப் பார்த்தார், பழக்கதோஷம். அதே வருஷத்தில் காய்ச்சலில் போன அத்தனை பேரையும் விரல் வைத்துத் தேடினார். ஐந்து நாள், ஒன்பது நாள், பதினொரு நாள், ஏழு நாள். மூன்று நாள் என்று இருந்தவர்கள் நாலே பேர். நாலு பேரும் வாலிப வயது. இன்னும் பின்னால் போனார். தாத்தாவின் கடைசித் தம்பி, வயது இருபத்திரண்டு. படிப்பதற்கு முன்னாலேயே அந்தக் கட்டத்தில் என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தம்பியின் வருஷம் மூன்றாவது பீரோவில் கீழ்த்தட்டில் இருந்தது. ‘அது தெரிந்த கதை, அதை எதற்குப் பார்க்க வேண்டும்’ என்று இரண்டு நாள் அதன் பக்கமே போகவில்லை. டீ குடிக்கப் போனார். யாருக்கோ நகல் எடுத்துக் கொடுத்தார். மையில்லாத ஸ்டாம்ப் பேடுக்காகப் பக்கத்து மேஜைக்காரனிடம் எரிந்து விழுந்தார். “என்ன பூதக்கண்ணாடி, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?” என்று அவன் கேட்டான்.

நாலாம் நாள் அந்தப் பதிவேட்டை இறக்கி ஸ்டூலில் வைத்துத் திறந்தார். பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. குண்டு குண்டான கையெழுத்து, அவருடையதேதான். தம்பியின் பெயர், வயது பத்தொன்பது, காய்ச்சல், மூன்று நாள்.

இருந்தாலும் மனசு விட்டுக்கொடுக்கவில்லை. இல்லை, இது நிஜமான காய்ச்சல், நிஜமான மூன்று நாள், நான் பக்கத்தில் இருந்தேனே, ஈரத்துணி போட்டேனே என்று முரண்டு பிடித்தது. மெல்ல ஒரு பக்கம் முன்னால் திருப்பினார். தம்பி இறந்ததற்கு முந்தின நாள்: பத்தொன்பது பதிவுகள், காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து வரை, எல்லாம் அவர் கையெழுத்து. அதற்கு முந்தின நாளும் அப்படியே. அதற்கும் முந்தின நாளும் அப்படியே. மூன்று பகலும் அவர் இந்த அலுவலகத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார். அப்படியானால் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார்?

அன்று வீட்டுக்குப் போனபோது அத்தை கூடத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் எதிரே உட்கார்ந்து, ஒரு காலண்டர் தாளைத் திருப்பி எழுதினார்.

‘தம்பிக்கு எத்தனை நாள் காய்ச்சல்?’

அத்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

“என்ன காய்ச்சல்?” என்றாள்.

அவர் எழுதினார்: ‘ஈரத்துணி போட்டேனே. ஃபேனை நிறுத்தச் சொன்னானே.’

“நல்லா இருக்கே கூத்து! அப்ப நம்ம வீட்டுல ஏதுடா ஃபேன்? ஃபேன் வாங்கினது உன் கல்யாணத்துக்கு.” அத்தை உரிப்பதை நிறுத்தினாள். “நெஜமாவே மறந்துட்டியாடா? இல்ல, என்னைச் சோதிக்கிறியா?”

அவர் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று அவருக்கே தெரியாது.

“நீ வேலைக்குச் சேர்ந்து நாலாவது மாசம். தினம் லேட்டாப் போறேன்னு உன் ஆபீஸர் திட்டினாருன்னு ஒரு கடிகாரம் வாங்கிட்டு வந்த. தலையில ரெண்டு கிண்ணி வச்ச கடிகாரம். மணி அடிக்கிற சாமான் இந்த வீட்டுக்கு வேணாம்டான்னு தலை தலையா அடிச்சுக்கிட்டேன். ‘நீங்கல்லாம் எந்தக் காலத்துல இருக்கீங்க அத்தை’ன்னு எழுதிக் காட்டிச் சிரிச்ச. ரெண்டு பேரும் ஒரே பாயில படுத்திருந்தீங்க. அஞ்சு மணிக்கு அது அடிச்சது. எனக்கு எங்க கேட்டுது? உங்கம்மா எழுந்து ஓடுறதைப் பார்த்து நானும் ஓடினேன். உன் தம்பி உட்கார்ந்திருந்தான். உன்னைப் பார்த்தான். அப்படியே சாஞ்சுட்டான். அவ்வளவுதான்.”

பட்டாணித் தோலை ஒதுக்கிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கோ போட்டு மூடியிருந்த மூடி கழன்றது போல, அவருக்கு எல்லாம் வந்துவிட்டது. கடிகாரம் அடித்துக்கொண்டே இருந்தது. அதை நிறுத்துவதா, தம்பியைப் பிடிப்பதா என்று தெரியாமல் அவர் முதலில் கடிகாரத்தைத்தான் நிறுத்தினார். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“எங்க அக்காவும் அப்படித்தான்” என்றாள் அத்தை. “பரண் மேல இருந்து பித்தளை அண்டா உருண்டு விழுந்தது. எனக்குக் கேக்கல. அக்கா விழுந்ததைப் பார்த்துத்தான், ஏதோ பெரிய சத்தம் வந்திருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டேன். அண்ணன் படுத்திருந்தப்ப தந்திக்காரன் வந்து கதவை இடிச்சான். அதுக்கப்புறம்தான் எங்கம்மா யாரையும் கூப்பிட்டு எழுப்ப விடல. காலைத் தொட்டு எழுப்பு, காலைத் தொட்டு எழுப்புன்னு சாகுற வரைக்கும் எனக்குக்கூட ஜாடை காட்டிச் சொன்னாங்க.”

‘ஏன் என்கிட்ட சொல்லல?’ என்று எழுதினார்.

“நீ எங்க கேட்ட? வந்தவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் காய்ச்சல்னு சொன்னியாம், உங்கம்மா எழுதிக் காட்டினாங்க. எப்படிப் பார்த்துக்கிட்டேன்னு கேட்டவங்ககிட்ட ஈரத்துணின்னியாம். பத்து நாள் கழிச்சு அந்தத் துணி எங்கேன்னு என்கிட்டயே தேடின. சரி, புள்ளை இதை நம்பியாவது உயிரோட இருக்கட்டும்னு விட்டுட்டேன். அந்தக் கடிகாரத்தை அன்னிக்குச் சாயங்காலம் துணியில சுத்தி எங்கேயோ கொண்டு போன. எங்கேன்னு நான் கேக்கல.”

அவருக்கும் தெரியவில்லை. எங்கே போட்டோம் என்று இன்றுவரை நினைவுக்கு வரவில்லை. ஆற்றிலா, குப்பையிலா, அலுவலகத்திலேயே ஏதாவது பீரோவுக்குப் பின்னாலா? அன்றிலிருந்து பல நாள் விடியற்காலை ஐந்து மணிக்குத் தானாகவே விழிப்பு வந்துவிடுகிறது. எங்கிருந்தாவது அது அடித்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பார்.

அத்தை பேசினால் தெருவுக்கே கேட்கும் என்று சொன்னேன் அல்லவா? மகள் அறை வாசலில் நின்று அத்தனையும் கேட்டிருந்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, “நான்தான்மா அவனைக் கொன்னேன். அதையும் காய்ச்சல்னு எழுதி, உன் உயிரையும் போக விட்டிருப்பேன்” என்றார். அவர் அழுது அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை, அம்மா போனபோதுகூட அவர் அழவில்லை.

மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “கடிகாரம் வாங்குறது கொலையாப்பா? அப்படின்னா ஊர்ல பாதிப் பேர் ஜெயில்ல இருக்கணும்” என்றாள். சிரிக்க வைக்கத்தான் பார்த்தாள். “இத்தனை வருஷமா என் கால் விரலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்களே. உங்களுக்குள்ள எங்கேயோ தெரிஞ்சுதான் இருந்திருக்கு.”

வாரம் முடிகிறபோது டாக்டர் மேஜையில் வம்ச மரத்தை விரித்தார். நாலு கிளையில் சிவப்பு வட்டம். டாக்டர் ஒவ்வொரு வட்டமாக விரல் வைத்துப் படித்தார்.

“எல்லாத்துலயும் காய்ச்சல்னு இருக்கே?”

“காய்ச்சல் இல்லைங்க. எழுதினவங்க அப்படி எழுதிட்டாங்க.”

“அது எப்படி உங்களுக்கு அவ்வளவு நிச்சயமாத் தெரியும்?”

“கடைசி வரியை எழுதினது நான்.”

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மகளை அன்றே சேர்த்துக்கொண்டார்கள். சத்தத்தில் தடுமாறுகிற இதயம், பரம்பரையாக வருவது, இனி வாழ்நாள் முழுக்க மாத்திரை என்றார்கள். அவரையும் சோதித்தார்கள். அவருக்கும் அதே கோடு. ஒரே பாய், ஒரே மணி. தம்பி போனான், அவர் அறுபது வயது வரைக்கும் இருக்கிறார். ஏன் என்று டாக்டரிடம் கேட்டார். “அதுக்கு எங்ககிட்ட பதில் இல்லைங்க” என்றார் டாக்டர். “ஆனா காலைத் தொட்டு எழுப்பணும்னு சொன்னாங்களே உங்க வீட்டுல, அவங்க மட்டும் இப்ப இருந்திருந்தா நான் கும்பிட்டிருப்பேன்.”

மகள் பிழைத்தாள், கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அவருக்கு முடியவில்லை. ஓய்வு பெற நாலு மாதம் இருந்தது. அந்த நாலு மாதமும் சாப்பாட்டு நேரத்தில் பதிவறைக்குள் போய், முப்பத்தாறு வருஷத்துத் தன் கையெழுத்தைத் தானே தேடினார். நாற்பது வயதுக்குள், காய்ச்சல், மூன்று நாள்: நாற்பத்து மூன்று பேர். அதில் எத்தனை பேர் தூக்கு மாட்டிக்கொண்டவர்கள், எத்தனை பேர் விஷம் குடித்தவர்கள், எத்தனை பேர் தம்பியைப் போல எழுந்து உட்கார்ந்து சாய்ந்தவர்கள் என்று அவருக்குத் தெரியாது. தெரியாதபடி அழித்தவர் அவர்தான். அந்த நாற்பத்து மூன்று வீட்டிலும் தம்பிகள் இருப்பார்கள், பிள்ளைகள் இருப்பார்கள். டாக்டர் கேட்டால், எங்க வீட்டுல அப்படி யாரும் இல்லை, அது காய்ச்சல் என்று சத்தியம் பண்ணுவார்கள். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

“வீடு வீடாப் போய்ச் சொல்லப் போறீங்களா? வெளிய தெரிஞ்சா பென்ஷனே போயிடும்ப்பா” என்றாள் மகள்.

“போனாப் போகட்டும்மா.”

ஓய்வு பெற்ற மறுநாள் காலை, அந்த நாற்பத்து மூன்று முகவரியும் எழுதி மடித்த தாளைப் பூதக்கண்ணாடியோடு பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். முதல் முகவரி, மேஜையில் தலை வைத்து அழுத அந்தத் தாயின் வீடு. வீடு இருந்தது, மாடி எழுப்பி, வெள்ளையடித்து, கதவுக்குப் பக்கத்தில் புது அழைப்பு மணியும் வைத்திருந்தார்கள். விரலை அதன் மேல் கொண்டுபோனார். உள்ளே யாராவது படுத்திருக்கலாம்.

கையை எடுத்துக்கொண்டார். கதவையும் தட்டவில்லை. படியில் உட்கார்ந்தார். வெயில் ஏறி முழங்கால் வரைக்கும் வந்தபோது கதவு திறந்தது. இருபது வயதுப் பையன் ஒருவன், தூங்கி எழுந்த முகத்தோடு, பால் பாக்கெட்டை எடுக்கக் குனிந்தவன், இவரைப் பார்த்து நிமிர்ந்தான்.

“யாருங்க? எவ்வளவு நேரமா உக்காந்திருக்கீங்க? மணியை அடிக்க வேண்டியதுதானே?”

பூதக்கண்ணாடி எழுந்து நின்றார். அந்த வீட்டில் அந்த வயதில் ஒருவன் படுத்து எழுந்திருக்காததை எழுதிய கை, சுவரைப் பிடித்துக்கொண்டது.

“தம்பி, உங்க பெரியப்பா ஒருத்தர் சின்ன வயசுல போயிட்டாரே...”

“ஆமா. காய்ச்சல்ல. மூணு நாள் படுத்திருந்தாராம், பாட்டி சொல்லுவாங்க. ஈரத்துணி போட்டுக்கிட்டே இருந்தாங்களாம்.”

“அவருக்குக் காய்ச்சலே வரலைப்பா” என்றார் அவர். “அதை எழுதினவன் நான்.”